ஏக்கமானி

‘தும்பி ஒன்பது’ வரப்போகிறது, வரப்போகிறது என்று சொல்லியே நான்கு வருடங்கள் ஓடிவிட்டன. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. உண்மையில் அந்த நான்கு வருடங்களும் எல்லோருக்கும் நன்றாகவே போயின.

முதலில் போனின் நிறம் கசிந்தது. அந்த நிறம் பொய் என்ற செய்தி அடுத்த மாதம் கசிந்தது. பிறகு போனின் ஓரம் மட்டும் தெரியும்படி ஒரு படம் வந்தது. வெளியாகும் தேதியை அறிவிக்கப்போகும் தேதியை ஒரு வீடியோவில் அறிவித்தார்கள். அந்த வீடியோவுக்குக் கீழே ஆறு மாதம் சண்டை நடந்தது. இந்தச் செய்திகளை ஊருக்கு ஒரு நாள் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ‘காத்திருப்போர் கழக’த்தில் மாதச் சந்தா கட்ட வேண்டும். எங்கள் விடுதியில் கழகத்தில் சேராத பெண்ணே கிடையாது. இத்தனைக்கும் அந்தப் போனைச் செய்யவேண்டியவர்களே நாங்கள்தான்.

ஓசூருக்கு வெளியே இருக்கும் தும்பி தொழிற்சாலையில் நாலாம் லைன் எங்களுடையது. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. போனைச் செய்யும் பெண்களான நாங்கள், வாசலில் சொந்தப் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டு, கழுத்தில் அடையாள அட்டை ஆடஆட உள்ளே போவோம். காலை ஷிப்ட் முடிந்து விடுதிக்கு வந்ததும் மூட்டை மூட்டையாகத் துணி துவைத்து மொட்டைமாடிக்குப் போவோம். அங்கேதான் எங்கள் ‘கொடியடிப் பேச்சு’.

அது எங்கள் ஒலி நிகழ்ச்சியின் பெயர். போர்வைகளைத் துவைத்து நான்கு பக்கமும் கொடியில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தால் எதிரொலி இருக்காது. லாரிச் சத்தமும் உள்ளே வராது. போர்வை காய்ந்து ஆட ஆரம்பித்தால் எதிரொலி வந்துவிடும், அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். வெயில் அதிகமாக இருந்தால் நிகழ்ச்சி சின்னதாக இருக்கும். மழைக்காலத்தில் இரண்டு பேரும் நிறுத்தவே மாட்டார்கள்.

இரண்டு பேர் என்றால் ஜெசிந்தாவும் நூர்நிஷாவும். ஜெசிந்தா தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. நூர் ஆற்காட்டுப் பக்கம். மூன்றாவது ஆளான நான், மங்கையர்க்கரசி, திருத்துறைப்பூண்டி. பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் பேச மாட்டேன். பதிவு செய்வது, வெட்டி ஒட்டுவது, மேலேற்றுவது எல்லாம் என் வேலை. நடுவில் என்னையறியாமல் நான் சிரித்தாலோ ஒரு வார்த்தை சொன்னாலோ அதைக் கவனமாக வெட்டி எடுத்துவிடுவேன். என் குரலைக் கேட்டால் எனக்கே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

“ஏட்டி நூரு, கேமராவ நடுவுல வச்சா என்ன, ஓரத்துல வச்சா என்ன? எடுக்கப்போறது நம்ம மூஞ்சியதான?” என்பாள் ஜெசிந்தா.

“உன் மூஞ்சிக்கு எங்க வெச்சாலும் ஒண்ணுதான்டி. எனக்கு நடுவுலதான் வேணும்.”

“ஆமா, பெரிய ருத்ரேஷ் இவ. கூடச் சோடி சேந்து நிக்கப் போறா.”

“தலைவர் பேரை இழுக்காத. கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்.”

ருத்ரேஷ், நூரின் தலைவர். எரிமலை நாயகன். அவருடைய ‘கந்தக மலை’யும் தும்பி ஒன்பதைப் போலவே நான்கு வருடமாக வந்துகொண்டிருந்தது. நாயகனின் செருப்பு மட்டும் தெரியும் போஸ்டர் ஒன்று நூரின் தகரப் பெட்டிக்குள் ஒட்டப்பட்டிருந்தது. அந்தச் செருப்பைப் பற்றி அவளால் ஒரு முழுப் போர்வை காயும்வரை பேச முடியும்.

எங்களுக்குக் கேட்பவர்கள் அதிகமில்லை. போன் கம்பெனிச் செய்தியும் சினிமாச் செய்தியும் பேசும் ஆயிரம் பேரில் நாங்களும் இருந்தோம். ஆனாலும் தும்பி ஒன்பதைப் பற்றிப் பேசும்போது எங்களுக்கு மட்டும் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கவலை இருந்தது. நாலாம் லைனில் வேலை குறைந்துகொண்டே வந்தது. எட்டாம் மாடலுக்கு உதிரிபாகம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்பது வந்தால் லைன் ஓடும். வராவிட்டால் மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. லைனை மூடினால் ஓசூர் பஸ் நிலையத்தில் நாங்கள் மூவரும் மூன்று பஸ் ஏறவேண்டியதுதான். மூன்று பஸ்ஸும் மூன்று திசை.

எனக்கு ஊரில் வீடு இருந்தது, அம்மா இருந்தாள். ஆனால் என்னைப் பார்த்ததும் “மங்கா, நீ சொல்லு, உனக்கு எது புடிக்கும்?” என்று கேட்கிறவர்கள் அந்த மாடியில்தான் இருந்தார்கள். பதில் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தே கேட்பார்கள்.

*

தவறு நடந்த நாள் நல்ல வெயில்.

நைட்டிக்குப் பை கிடையாது. எந்தக் கடையில் எடுத்தாலும் கிடையாது. அதனால் நூர் தன் போனை நைட்டியின் கழுத்துக்குள் செருகியிருந்தாள். ஜெசிந்தாவின் போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ருத்ரேஷின் செருப்பு தோலா ரப்பரா என்று வாதம் உச்சத்தில் இருக்கும்போது, போர்வையைப் பிழிய நூர் குனிந்தாள். போன் வழுக்கி நேராகச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது.

“அல்லாவே!”

“போச்சு! தலைவரு குளிக்கப் போயிட்டாரு!” என்று கத்தினாள் ஜெசிந்தா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன்: “போனுக்குப் பின்னாடி ஒரு வளையம் இருந்தா நல்லாருக்கும்டி. ஐடி கார்டு மாதிரி டேக்ல கோத்துக் கழுத்துல மாட்டிக்கலாம்ல.”

பிறகு போனைக் காப்பாற்ற ஓடினோம். அரிசிக்குள் புதைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று யாரோ சொல்ல, விடுதிச் சமையலறை அரிசி டிரம்முக்குள் புதைத்தோம். சமைக்க அரிசி அள்ளிய வார்டன் சுகுணா அக்காவின் கையில் அது அகப்பட்டு, “நாளைக்குச் சாம்பார்ல சார்ஜரைப் போடுவீங்களாடி?” என்று அவர் எங்களைத் துரத்தினார். அந்த அமளியில் அன்றைய பதிவை வெட்டாமலே மேலேற்றிவிட்டேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து பெட்டியிலிருந்து போனை எடுத்தபோது ஜெசிந்தா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“மங்கா. நீ என்னத்தட்டி செஞ்ச?”

தும்பி ஒன்பதில் வளையம்! தொழிற்சாலைப் பெண்களே உளறிவிட்டார்கள்! உலகம் முழுக்க அதுதான் செய்தி. லைனில் வேலை பார்க்கிறவர்கள் தெரியாமலா சொல்வார்கள் என்று கேட்டார்கள். வளையம் பித்தளையா வெள்ளியா என்று சண்டை பிடித்தார்கள். ஒருவர் வளையத்தின் படத்தையே வரைந்து போட்டிருந்தார். எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் எண்ணிக்கையை நூர் மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள். மூன்று தடவையும் வேறு வேறாக வந்தது. படிக்கப் படிக்க ஏறிக்கொண்டிருந்தது.

“யார் அந்த மூன்றாவது குரல்?” என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு விடுதிவரை நடந்தேன்.

*

ஆயுத பூஜையன்று தொழிற்சாலையில் லைன் ஓடாது. எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். திருகு முறுக்கும் ரோபோவின் ஒற்றைக் கைக்கு ஜெசிந்தாதான் வருடா வருடம் பொட்டு வைப்பாள். “கண்ணு படப்போவுது மக்கா” என்று அதன் முழங்கையில் திருஷ்டிப் பொட்டும் வைப்பாள். அன்று கேன்டீனில் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஒரு மேடம் நேராக எங்கள் மேசைக்கு வந்தார்.

“கொடியடிப் பேச்சு நீங்கதானே? நான் நிவேதனா. எதிர்பார்ப்புப் பிரிவு.”

அப்படி ஒரு பிரிவு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. நிவேதனா மேடம் இனிமையானவர். எங்கள் பொரியை எங்களைக் கேட்காமலே எடுத்துத் தின்றதால் எனக்குப் பிடித்தும் போனது.

“அந்த வளையம் சொன்னது யாரு?”

இரண்டு தோழிகளும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். நான் பொரிப் பொட்டலத்துக்குள் பார்வையை இறக்கினேன்.

“உங்க ஒரே ஒரு வரி, ஏக்கமானியை எங்க கொண்டுபோய் நிறுத்திச்சு தெரியுமா?”

“ஏக்கமானியா? அது என்ன மேடம்?” என்றாள் ஜெசிந்தா.

“ஒரு பொருளைப் பாத்ததும் உங்க விரல் திரைமேல எவ்வளவு நேரம் நிக்குது, எத்தனை தடவை திரும்பப் போய்ப் பாக்கறீங்க, பாத்துட்டு யாருக்கு அனுப்பறீங்க, எல்லாத்தையும் சேர்த்து ஜனங்களோட ஏக்கத்தை அளக்கற மெஷின்.”

“ஜொரம் பாக்கறாப்புல” என்றாள் நூர்.

“அதேதான். ஆனா இது அளக்கறதோட நிக்காது. ஏக்கம் குறையுதுன்னா அதுவே ஒரு சேதி தயார் பண்ணிக் கசியவிடும். ஒரு படம், ஒரு வதந்தி, ஒரு சண்டை. உடனே ஏறிடும்.”

“சரி மேடம், ஒம்பது எப்ப லைனுக்கு வருது? அதச் சொல்லுங்க மொதல்ல.”

நிவேதனா மேடம் சுண்டலில் இருந்த தேங்காய்த் துண்டைத் தேடி எடுத்தார்.

“எட்டு கடைக்கு வந்த அன்னிக்கு ஏக்கம் பொத்துன்னு விழுந்துடுச்சும்மா. வாங்கின மறுநாளே சார்ஜ் நிக்கல, சூடாகுதுன்னு திட்ட ஆரம்பிச்சாங்க. வராத போனை யாரும் திட்டறதில்ல. திரும்ப எடுத்துட்டு வந்து சண்டை போடறதில்ல. போனை வித்து வந்த லாபத்தைவிடக் காத்திருப்போர் கழகத்துச் சந்தா அதிகமா வருது. அதனால…”

“அதனால?”

“ஒன்பது வரவேண்டிய அவசியமே இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. டிசைன்கூடப் போடல.”

பக்கத்து மேசையில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். முதலில் வாயைத் திறந்தவள் நூர். அவள் கேட்டது போனைப் பற்றி அல்ல.

“மேடம். கந்தக மலை?”

“அது வேற கம்பெனி. ஆனா ஏக்கமானியை எங்ககிட்டதான் வாடகைக்கு எடுத்திருக்காங்க.”

“படமே எடுக்கலயா?”

“செருப்பு மட்டும் எடுத்தாங்க.”

“க்ளைமாக்ஸ் கசிஞ்சுதே மேடம்! படிச்சிட்டு நான் அழுதனே! ரெண்டு நாள் சோறு துன்னல!”

“பாத்தீங்களா? படம் வந்திருந்தா அழுதிருப்பீங்களா?” என்றார் மேடம், மிகவும் அன்பாக.

ஜெசிந்தா கைகளை மேசைமேல் வைத்தாள். “அப்ப நாலாம் லைனு?”

“தீபாவளி வரைக்கும் ஓடும்.”

“பெறவு?”

“அதுக்குத்தான் வந்திருக்கேன். உங்க மூணு பேரையும் எங்க பிரிவுக்கு எடுத்துக்கறோம். நீங்க செய்யறதையேதான் செய்யப்போறீங்க. ஒன்பதைப் பத்திப் பேசிட்டே இருக்கணும். இதைவிட நல்ல சம்பளம். போர்வை துவைக்க வேண்டாம், ஸ்டுடியோ தரோம்.”

“லைன்ல மத்த பிள்ளைங்க?”

“எல்லாராலயும் உங்களை மாதிரிப் பேச முடியாதும்மா” என்று எழுந்தார் நிவேதனா மேடம். “தீபாவளிக்குள்ள சொல்லுங்க.”

*

அன்று மாடியில் போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தோம். பிறகு ஜெசிந்தா சொன்னாள்: “நமக்கு மட்டும் ஸ்டுடியோ, மத்தவளுகளுக்கு பஸ் டிக்கெட்டா? அந்தச் சோறு செமிக்காதுட்டி. உள்ளத உள்ளபடி சொல்லிப்புடுவோம்.”

சொன்னார்கள். அந்த நிகழ்ச்சியில் நான் எதையும் வெட்டவில்லை. “தும்பி ஒம்பதுன்னு ஒண்ணு கெடையாது. செய்யல, செய்யப்போறதும் இல்ல. நீங்க சந்தா கட்டிக் காத்துக் கெடக்கிறது ஒண்ணுமில்லாததுக்கு” என்று ஜெசிந்தா மாதா கோவிலில் வாசகம் படிக்கிற குரலில் சொன்னாள். நூர் தன் பங்குக்குக் கந்தக மலையின் கதையையும் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் உலகம் கொண்டாடியது. நான்கு வருடங்களில் வந்ததிலேயே மிகச் சிறந்த அப்டேட் இதுதான் என்றார்கள். ‘இல்லவே இல்லை’ என்று சொல்லவைக்கிறார்கள் என்றால் அடுத்த மாதமே வருகிறது என்று அர்த்தம் என்று விளக்கினார்கள். ஜெசிந்தாவின் குரல் நடுங்கிய இடத்தை மெதுவாக ஓட்டிக் கேட்டு, அங்கே அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று கண்டுபிடித்தார்கள். கழகத்தில் கூட்டம் முண்டியடித்தது.

நிவேதனா மேடம் போன் செய்தார். “பிரமாதம்! ‘இல்லவே இல்ல’! இப்படி ஒரு சேதி எங்க மெஷினுக்கே தோணலயே! எப்ப வேலைக்குச் சேர்றீங்க?”

போனை வைத்துவிட்டு ஜெசிந்தா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். “உண்மையச் சொன்னா விளம்பரங்கானுவ. இனிமே என்னத்தச் சொல்ல? நான் ஊருக்குப் போயி அம்மை கூட மீனே விக்கேன். மீனு வரும் வரும்னு எவனும் சந்தா வாங்க முடியாது.”

நூர் குளிக்கும் அறைக்கு வாளியை எடுத்தாள். அரிசியிலிருந்து உயிர் பிழைத்த அதே போனை, அதே நைட்டிக் கழுத்துக்குள் செருகிக்கொண்டாள்.

“நில்லுடி” என்றேன்.

அவளிடமிருந்து போனை வாங்கிப் பின் கவரைக் கழற்றினேன். கோணி தைக்கிற ஊசி ஒன்று என்னிடம் இருந்தது. மெழுகுவத்தியில் அதைப் பழுக்கக் காய்ச்சி, கவரின் மேல் மூலையில் ஒரு ஓட்டை போட்டேன். சாவிக்கொத்திலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றி மாட்டினேன். போன வருடத்து ஐடி டேக் பெட்டியில் சும்மா கிடந்தது. அதைக் கோத்து நூரின் கழுத்தில் போட்டேன்.

நூர் குனிந்தாள். நிமிர்ந்தாள். இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிப் பார்த்தாள். போன் சமத்தாகத் தொங்கியது.

“இன்னாடி இது, இவ்ளோதானா!” என்று தாழ்வாரத்தில் ஓடினாள்.

சாயங்காலத்துக்குள் எங்கள் அறை வாசலில் கையில் பழைய கவரும் பழைய டேக்குமாக வரிசை நின்றது. சுகுணா அக்கா ஒன்று கேட்டு வாங்கி, சாவிக்கொத்தையும் போனையும் சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மணி கட்டிய கோவில் மாடுபோல் வலம்வந்தார். அவர் வருவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்ததால் அதுவும் வசதியாக இருந்தது.

நூர் கட்டிலில் படுத்துப் போனை மார்பில் ஆடவிட்டுக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள்: “இனிமே எனக்கு ஒன்பது எதுக்குடி? சந்தாவை நிறுத்திட்டேன்.”

ஜெசிந்தா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“மங்கா, அந்த ஊசிய எடு. வீடியோ எடுப்போம். நீ பேசு.”

நான் தலையாட்டி மறுத்தேன்.

“சரி, பேசாண்டாம். கை மட்டும் வரட்டும்.”

என் கைகள் மட்டும்தான் வந்தன. மெழுகுவத்தி, ஊசி, கவர், வளையம், டேக். ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் நூர் மாட்டிக்கொண்டு வாளி தூக்கிக் காட்டினாள்.

அடுத்த சில நாட்கள் நாங்கள் நிகழ்ச்சியே செய்யவில்லை, படங்களைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. திருப்பூரில் தையல் மிஷின் முன்னால் வரிசையாகக் கழுத்துப் போன்கள். இரவுப்பணி நர்சுகள். பெண் கண்டக்டர் ஒருவர் விசிலோடு போனையும் கோத்திருந்தார். மெழுகுவத்தி இல்லாதவர்கள் கேஸ் அடுப்பில் ஊசி காய்ச்சினார்கள். வளையத்துக்குப் பதில் கொலுசின் கொக்கி மாட்டிய ஒருத்தியைப் பார்த்து நூர் பொறாமைப்பட்டாள். ஜெசிந்தாவின் அம்மா தலையில் மீன் கூடையும் கழுத்தில் போனுமாக நின்று யாரையோ விட்டு எடுத்து அனுப்பிய படத்தை, ஜெசிந்தா தொழிற்சாலை வாசலில் எல்லாப் பெண்களுக்கும் காட்டினாள்.

படத்தைப் போட்ட பலர் கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்கள்: ‘கழகத்திலிருந்து விலகிவிட்டேன்.’

ஏக்கமானி சும்மா இருக்கவில்லை. வளையம் கழுத்துவலி தரும் என்று ஒரு டாக்டர் சொன்னதாகக் கசியவிட்டது. ஒன்பதில் வருவது தங்க வளையம் என்றது. ருத்ரேஷே வளையத்தை எதிர்க்கிறார் என்றது. ஆனால் கழுத்தில் மாட்டியாகிவிட்டவளுக்கு அதையெல்லாம் நின்று படிக்கத் தோன்றவில்லை. அவளுக்கு இரண்டு கையிலும் வேலை இருந்தது.

*

தீபாவளிக்கு முந்தைய வாரம் நாலாம் லைனுக்குப் புது அச்சுகள் வந்து இறங்கின. சூப்பர்வைசர் எங்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கழகத்துச் சந்தா விழுந்துவிட்டதால் பழையபடி பொருளைச் செய்து விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சென்னையில் முடிவாகியிருந்தது. தும்பி ஒன்பது. புது டிசைனுக்கு நேரமில்லாததால், எட்டின் உடம்பிலேயே ஒட்டிய வளையத்துடன்.

லைன் ஓடியது. ரோபோவின் கையில் ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் மிச்சம் இருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போன பெண்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். வரும்போது தம் தெருக்காரர்களின் பழைய டேக்குகளையும் சேகரித்துக்கொண்டு வந்தார்கள்.

கந்தக மலை மட்டும் வரவில்லை. அதற்கு ஊசியால் ஓட்டை போட முடியாதே. நூர் இரண்டு நாள் தகரப் பெட்டியைத் திறந்து திறந்து அந்தச் செருப்பையே பார்த்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லோரையும் உட்காரவைத்து, அந்தச் செருப்பிலிருந்து ஆரம்பித்து, முழுப் படத்தையும் அவளே சொல்லி முடித்தாள். சண்டைக் காட்சிகளில் கொடிக்கம்புகள் உடைந்தன. க்ளைமாக்ஸில் சுகுணா அக்கா உட்பட எல்லோரும் அழுதோம்.

பொங்கலுக்கு முன்னால் நிவேதனா மேடம் மறுபடி வந்தார். இந்தத் தடவை மாடிக்கே வந்து, ஈரப் போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். முதல் தும்பி ஒன்பதை ஒரு பெட்டியில் போட்டு எனக்குக் கொண்டுவந்திருந்தார். அவர் கழுத்திலும் கம்பெனியின் மெல்லிய கயிற்றில் ஒன்று தொங்கியது.

“எங்க வயித்துல அடிச்சிட்டீங்கன்னு முதல்ல கோவமாத்தான் இருந்துச்சு” என்று சிரித்தார். “அப்புறம் பாத்தா, ஏக்கமானி வேற ஒண்ணைக் காமிச்சுது.”

“இன்னும் அந்த மெஷினைத் தூக்கிப் போடலயா?” என்றாள் நூர்.

“அது எப்படிப் போடுவாங்க?” மேடம் தன் போனைத் திருப்பிக் காட்டினார். கறுப்புப் பின்னணியில் ஒரு ஊசி, ஒரு மெழுகுவத்தி, இரண்டு கைகள். என் கைகள். கீழே பெரிய எழுத்தில்: ‘மூன்றாம் குரல். விரைவில்.’

எனக்குக் காது சுட்டது.

“அந்த ஒரு வரிக்கு அப்புறம் நீங்க பேசவே இல்லை பாருங்க. அவங்க யாரு, எப்ப பேசுவாங்க, என்ன பேசுவாங்கன்னு ஜனங்க தேடிட்டே இருக்காங்க. சோதனைக்கு ஒரு சந்தா ஆரம்பிச்சோம். ஒன்பதுக்கு இருந்த ஏக்கத்தையே தாண்டிடுச்சு.” அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். “மங்கை, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு வேலை இது. மேடை ஏற வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். சம்பளம் மாசாமாசம் வந்துடும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்.”

“என்ன மேடம்?” என்றேன், காற்றுக்குக் கேட்காத குரலில்.

“பேசாம இருக்கணும். அவ்வளவுதான்.”

என் வாழ்நாள் முழுக்க எல்லோரும் என்னைப் பேசு பேசு என்று விரட்டியிருக்கிறார்கள். முதல் தடவையாக ஒருவர், பேசாதே, அதற்குக் காசு தருகிறேன் என்கிறார். கணக்குப் பார்த்தால் எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் கிடையாது. நான் சம்மதித்திருக்கக்கூடும்.

ஜெசிந்தாவும் நூரும் என்னைப் பார்த்தார்கள். ஜெசிந்தா ஒன்றும் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். போர்வை ஓரங்கள் காய்ந்து லேசாக ஆட ஆரம்பித்திருந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் எதிரொலி வந்துவிடும்.

பெட்டியைப் பிரித்துப் புதுப் போனை எடுத்தேன். வளையம் பளபளவென்று இருந்தது. என் டேக்கின் கொக்கியை அதற்குள் நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை. திருப்பிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். ம்ஹும்.

ஜெசிந்தாவின் போனில் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

“வணக்கம்” என்றேன். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரிதான் இருந்தது. இந்தத் தடவை நான் போய்த் திறந்தேன். “நான்தான் மங்கை, மூணாவது ஆளு. தும்பி ஒன்பது வந்துடுச்சு, கையில வச்சிருக்கேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா வளையம் கொஞ்சம் சின்னது.”